கிண்டிக்குச் செல்லும் வழி: அண்ணா பல்கலைக்கழகச் சேர்க்கை குறித்துச் சில விளக்கங்கள்

(நமது ஜமாஅத்தின் கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

கல்வியின் சிறப்பைப் பற்றி இன்று நாம் பேசப் போவதில்லை. அதனை மிம்பரிலிருந்து பலமுறை பேசியாயிற்று. நீங்களும் பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு விண்ணப்பத்தைப் பற்றிய பேச்சு. மதரஸாவில் ஓதி வந்தவருக்கு இன்ஜினியரிங் விண்ணப்பத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக மே மாதம் பிறந்துவிட்டால், அஸர் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலின் மாடியில் வந்தமரும் பிள்ளைகளோடு நாமும் அமர்ந்து, அரசு வெளியிடும் தகவல் கையேட்டைக் கிதாபு பார்ப்பது போல வரிவரியாகப் பார்த்து வருகிறோம். அதில் கண்டவற்றையும், நம் சுற்றுவட்டாரத்தில் நடந்தவற்றையும் உங்கள் முன் வைக்கவே இந்த அமர்வு.

ஆண்டுதோறும் எம்மிடம் வரும் முதல் கோரிக்கை ஒரு சிபாரிசுக் கடிதம். "ஹஜ்ரத், எம்.எல்.ஏ.விடம் சொல்லி எழுதி வாங்கித் தாருங்கள், பிள்ளைக்குக் கிண்டியில் இடம் வேண்டும்" என்பார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கவுன்சலிங் வழியாக நிரப்பப்படும் இடங்களுக்குச் சிபாரிசு என்ற ஒன்றே கிடையாது. யாரிடம் கொடுப்பது? வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட பழைமையான நிறுவனம் அது. 1978இல் அமைந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமும் அதுவே. அத்தகைய இடத்தின் கதவு ஒரு கூட்டல் கணக்கினால் திறக்கிறது. முன்னர் 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது நீங்கிவிட்டது. அதன் பின்னர் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். 2018 முதல் கவுன்சலிங் முழுவதும் ஆன்லைனில் நடக்கிறது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதனை நடத்துகிறது. ஆகவே பெரிய மனிதரின் பிள்ளையும் பீடி சுற்றும் தாயின் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர். நமக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்! ஆனால் அந்த வரிசையின் விதிகளைத் தெரிந்துகொள்ளாதவனுக்கு அந்தச் சமத்துவத்தால் பயன் ஏதுமில்லை.

நம் சுற்றுவட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரையும் பேரையும் சொல்லவில்லை. நன்றாகப் படிக்கும் ஒரு பெண். தேர்வுக்கு முன்பே, மாசி மாதத்தில், ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கு வந்து, "இப்போதே முன்பணம் கட்டினால் இடம் உறுதி, பிறகு கட்டணம் ஏறிவிடும்" என்று அச்சமூட்டியிருக்கிறார். தந்தை சிறு கடை நடத்துபவர். நகையை அடகு வைத்து 50,000 ரூபாய் கட்டிவிட்டார். முடிவு வந்தபோது அவளுடைய கட்-ஆஃப் 196. "இடம்தான் வாங்கியாயிற்றே, பிறகு எதற்குக் கவுன்சலிங்குக்குத் தனியாக 500 ரூபாய்?" என்று பதிவே செய்யவில்லை. பக்கத்து ஊரில், அவளைவிட 3 மதிப்பெண் குறைவாகக் கட்-ஆஃப் பெற்ற நம் சமுதாயத்து மாணவர் ஒருவருக்கு அதே ஆண்டில் கிண்டி வளாகத்தில் சிவில் பிரிவு கிடைத்தது. அவளும் கேட்டிருந்தது சிவில்தான். இதை நாம் அறிந்தபோது சுற்றுகள் எல்லாம் முடிந்திருந்தன. அந்தத் தந்தை எம் முன் அமர்ந்து ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட நமக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இப்படி முன்பணம் கட்டியவர்களும் கவுன்சலிங்கில் பதிவு செய்யலாம், தடை ஏதுமில்லை. வகுப்பு தொடங்கும் முன் உரிய காலத்திற்குள் விலகினால், 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. "தர மாட்டோம்" என்று மிரட்டுபவர்களிடம் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். ஜமாஅத்தின் சார்பில் உடன் வரவும் ஆள் இருக்கிறோம்.

இனி அந்தக் கூட்டல் கணக்கு. கணிதம் 100க்கு அப்படியே. இயற்பியல் 100ஐ 50 ஆகவும், வேதியியல் 100ஐ 50 ஆகவும் சுருக்க வேண்டும். மொத்தம் 200. இதுவே கட்-ஆஃப். மொழிப் பாடங்களும் கணினி அறிவியலும் உயிரியலும் இதில் சேரா. இதன் விளைவைப் பாருங்கள். ஒரு மாணவர் 600க்கு 570 வாங்குகிறார். அதில் கணிதம் 90, இயற்பியல் 92, வேதியியல் 94. அவருடைய கட்-ஆஃப் 90, 46, 47 சேர்ந்து 183. இன்னொருவர் வாங்கியது 560தான். ஆனால் கணிதம் 100, இயற்பியல் 98, வேதியியல் 97. அவருக்கு 100, 49, 48.5 சேர்ந்து 197.5. ஊரில் சால்வை போர்த்துவது முதலாமவருக்கு. கிண்டிக்குப் போவது இரண்டாமவர். மொழியைப் புறக்கணியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை, அல்லாஹ் காப்பாற்றுவானாக! எந்தப் பாடத்தில் போகும் ஒரு மதிப்பெண் எதைக் கொண்டுபோகும் என்பதைப் பிள்ளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

இருவர் ஒரே கட்-ஆஃப் பெற்றால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று ஒப்பிடுவார்கள். பிற மதிப்பெண்களிலும் சமமானால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாம் சமமானால் கடைசியாகக் கணினி வழங்கும் ராண்டம் எண். பிள்ளைகள் அந்த எண்ணைக் கண்டு, "ஹஜ்ரத், என் எண் நல்ல எண்ணா?" என்று கேட்பதுண்டு. அதில் நல்லதும் கெட்டதும் இல்லை. பெரும்பாலோருக்கு அது பயன்படப் போவதுமில்லை.

இந்தக் கணக்குக்குள் நுழைய வேண்டுமானால் பதினோராம் வகுப்பில் கணிதம் இருக்க வேண்டும். நம் பெண் பிள்ளைகள் பலரைப் பத்தாம் வகுப்பு முடிந்தவுடன், "எப்படியும் கட்டிக்கொடுக்கப் போகிறோம்" என்று, பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளாமலே வேறு குரூப்பில் சேர்த்துவிடுகிறோம். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் பறிபோவதாக நாம் நினைக்கும் வாய்ப்பு, இரண்டாண்டுக்கு முன்பே வீட்டுத் திண்ணையில் பறிபோயிருக்கிறது.

அடுத்தது இடஒதுக்கீடு. இதில்தான் அதிகமான தவறான எண்ணங்களைக் காண்கிறோம். தமிழ்நாட்டில் 31 சதவீதம் பொதுப் போட்டி. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதம், 2007ஆம் ஆண்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தனியாகப் பிரித்துத் தரப்பட்டது. 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவில் இது ஏறத்தாழ 2 இடம். "இரண்டே இடத்துக்குள் நம்மைச் சுருக்கிவிடுவார்களே, பொதுப் பிரிவில் விண்ணப்பிப்போமே" என்று ஒரு படித்த சகோதரரே எம்மிடம் வாதிட்டார். அது அவ்வாறன்று. பொதுப் போட்டி என்பது எல்லோருக்கும் உரியது. நம் பிள்ளையின் தரவரிசைக்குப் பொதுப் போட்டியில் இடம் இருந்தால் அதிலேயே கிடைக்கும். அங்கே தீர்ந்துபோயிருந்தால்தான் 3.5 சதவீதத்தில் பார்ப்பார்கள். சாதிச் சான்றிதழ் கொடுப்பதால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. கொடுக்காவிட்டால் இரண்டு கதவுகளில் ஒன்றை நாமே சாத்திக்கொள்கிறோம்.

அந்தச் சான்றிதழில் "முஸ்லிம்" என்றோ "இஸ்லாம்" என்றோ மட்டும் இருந்தால் போதாது. அரசின் பட்டியலில் உள்ளவை ஏழு பிரிவுகள்: அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது. இவற்றுள் உங்கள் பிரிவின் பெயர் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் சான்றிதழில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். "இஸ்லாத்தில் ஏது ஹஜ்ரத் லப்பையும் ராவுத்தரும்? நாமே இப்படிப் பிரித்து எழுதிக் கொடுக்கலாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. தொழுகை வரிசையில் இந்தப் பெயர்களுக்கு இடமில்லை; ஒருவரைவிட ஒருவர் உயர்ந்தவர் என்று சொல்வதற்கும் அவை உதவா. கோத்திரங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது நாம் ஓதும் மறையின் போதனை. அரசு நம்மை அறிந்துகொள்வதற்கு ஒரு பெயர் கேட்கிறது, உள்ளதைச் சொல்கிறோம். ஆனால் இல்லாத பிரிவை இருப்பதாக எழுதி வாங்குவது பொய்ச் சாட்சியம். அதற்கு ஜமாஅத்திலிருந்து எந்தக் கடிதமும் கிடைக்காது.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை எவ்வளவு நுட்பமாக ஆராய்கிறோம்! ஒரே பெயரில் இருவர் இருந்தால் இவர் எந்த ஊர், எவருடைய மகன் என்று தேடித் தெளிந்த பின்னரே ஏற்கிறோம். நம் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பார்த்தால் பத்தாம் வகுப்பில் "முகமது", ஆதாரில் "முஹம்மத்", சாதிச் சான்றிதழில் "மொகமது". தந்தையின் பெயர் ஒன்றில் சாகுல் ஹமீது, மற்றொன்றில் ஷாஹுல் ஹமீத். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் எத்தனையோ வகை. ஒரு பிள்ளைக்கு முன்னெழுத்து ஒன்றில் தந்தையுடையது, ஒன்றில் வாப்பிச்சாவுடையது. சான்றிதழ் சரிபார்க்கும் அலுவலருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஏனையவற்றை இப்போதே திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியாததன்று.

கைப்பேசி எண்ணிலும் கவனம் தேவை. வளைகுடாவில் இருக்கும் தந்தையின் எண்ணைப் பதிவில் கொடுத்துவிடுகிறார்கள். ரகசிய எண் அங்கே போகிறது, அவரோ வேலைத் தளத்தில் இருக்கிறார். இங்கே நேரம் முடிந்துவிடுகிறது. பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுப்பது அதைவிட மோசம். விருப்பப் பட்டியலின் சாவியையே அயலாரிடம் ஒப்படைப்பதாகும் அது.

விருப்பப் பட்டியலே இதில் உயிர்நாடி. தரவரிசை வெளியான பின் மாணவர்களைச் சில சுற்றுகளாகப் பிரிப்பார்கள். உங்கள் சுற்று வரும்போது எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாக எழுத வேண்டும். கணினி செய்வது இவ்வளவுதான்: தரவரிசையில் முதலில் இருப்பவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை அவருக்குத் தருகிறது, பின்னர் அடுத்தவர், பின்னர் அதற்கடுத்தவர். இதில் நுட்பம் என்னவெனில், எட்டாத ஒன்றை முதலில் எழுதுவதால் எட்டக்கூடிய இரண்டாவது இடம் நழுவாது. முதலாவது தீர்ந்திருந்தால் உங்களுக்குரிய முறையிலேயே இரண்டாவதைப் பார்ப்பார்கள். "கிண்டியெல்லாம் நமக்குக் கிடைக்காது, எழுதினால் வீண்" என்று தாமே தமக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொள்பவர்களுக்காக இதை மீண்டும் சொல்கிறோம். மனம் உண்மையாகவே எதை விரும்புகிறதோ அதை மேலே எழுதுங்கள்.

அதே வேளையில் இரண்டு மூன்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எழுதிய எதுவும் கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவீர்கள். அங்கே இருப்பவை முந்தைய சுற்றில் மிஞ்சியவை. எழுதுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். ஒரே சாயலில் பெயர் கொண்ட கல்லூரிகள் பல உள்ளன. 1 என்பது கிண்டி வளாகம், 2 ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, 3 கட்டடக் கலைப் பள்ளி, 4 குரோம்பேட்டை எம்.ஐ.டி. அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் தரும் இணைப்புக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சேர்ந்துவிட்டு "அண்ணா யுனிவர்சிட்டியில் படிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வது வேறு, வளாகத்தில் படிப்பது வேறு. பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்றிருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல்.

இடம் ஒதுக்கப்பட்ட பின்னும் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏற்றுச் சேர்கிறேன்" என்றால் அதோடு முடிந்தது. "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுவேன்" என்றால் கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் பட்டியலில் அதற்கு மேலே எழுதியவற்றுக்குக் காத்திருக்கலாம்; மேலே கிடைத்துவிட்டால் பழையது போய்விடும். "வேண்டாம்" என்பதிலும் வகைகள் உண்டு. பதிலே சொல்லாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து. இடம் கைவிட்டுப் போகும். அவகாசம் மிகக் குறைவு. இஸ்திகாரா தொழுங்கள், பெரியவர்களிடம் மஷூரா செய்யுங்கள். ஆனால் அவற்றைப் பட்டியல் எழுதும் முன்பே செய்து முடியுங்கள்.

"பெண் பிள்ளையைச் சென்னைக்கு எப்படி அனுப்புவது?" என்ற கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். பெற்றோரின் நெஞ்சம் அது. கிண்டி வளாகத்திலேயே மாணவியர் விடுதி இருக்கிறது. போய்ப் பாருங்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள். பேருந்து தூரத்தில் ஒரு கல்லூரி என்ற ஒரே அளவுகோலால் 196 வாங்கிய பிள்ளையை அளப்பது நியாயமாக எமக்குப் படவில்லை. தினமும் காலை ஆறு மணிக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறி இரவு ஏழு மணிக்கு இறங்கும் பெண்ணை அனுப்பச் சம்மதிக்கும் நாம், விடுதிக்கு மட்டும் அஞ்சுவது ஏன் என்றும் யோசிக்க வேண்டும்.

கட்டணத்துக்கு வருவோம். டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் சிறுவயதில் செய்தித்தாள் விநியோகித்ததை எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். ராமேஸ்வரத்துப் பள்ளிவாசல் இமாமின் மகனாகிய அவர், இன்று 4ஆம் குறியீடு கொண்ட அதே எம்.ஐ.டி.க்குத் தேர்வானபோது, சேர்வதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ 1,000 ரூபாய் வீட்டில் இல்லை. சகோதரி ஜொஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் அவரை அனுப்பினார். அது 1950களில். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டதாரி ஆகவில்லை என்றால், கவுன்சலிங் வழியாகச் சேரும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகையாகக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும் திட்டம் 2010ஆம் ஆண்டில் வந்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. நம் மஹல்லாவில் அரசுப் பள்ளியில் படிப்பதைக் குறைவாக எண்ணுபவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். இவற்றையும் மீறித் தேவைப்படுவோருக்கு, தகுதியுடையோருக்கு ஜகாத் நிதியிலிருந்தும், ஏனையோருக்கு வட்டியில்லாக் கடனாகவும் பைத்துல்மாலிலிருந்து உதவ நிர்வாகம் இசைந்துள்ளது. வட்டிக் கடனுக்கு ஓடும் முன் எம்மிடம் ஒருமுறை வாருங்கள்.

வளைகுடாவில் பள்ளிப் படிப்பை முடித்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுக்கு வெளியே படித்திருந்தால் பூர்வீகம் காட்டும் இருப்பிடச் சான்றிதழ் தேவை. மேலும், வளைகுடாவில் பணிபுரியும் இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்றே அண்ணா பல்கலைக்கழகம் தன் வளாகக் கல்லூரிகளில் தனி இடங்கள் வைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பம் தனி, கட்டணமும் கூடுதல். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தும் இதைப் பற்றிக் கேட்டு எவரும் எம்மிடம் வந்ததில்லை.

சாலைக்கு அருகிலேயே இருக்கும் ஐ.ஐ.டி. முற்றிலும் வேறு வாசல். அது மத்திய அரசின் நிறுவனம்; ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டும், நம் 3.5 சதவீதம் அங்கே செல்லாது. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தனியானது; அதில் உங்கள் பிரிவு உள்ளதா என்று பார்த்து, கிரீமி லேயரில் வராதவர் என்னும் சான்றிதழைத் தனியே பெற வேண்டும். அதற்கான ஆயத்தம் பதினோராம் வகுப்பிலேயே தொடங்குவதால், அந்த மாணவர்களுக்கென்று வேறோர் அமர்வு வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

பங்குனி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அஸருக்குப் பின் பள்ளிவாசல் மாடியில் சான்றிதழ் பார்க்கும் பணி நடைபெறும். மாணவியருக்கும் தாய்மார்களுக்கும் லுஹருக்குப் பின் மதரஸாக் கட்டடத்தில், நம் மஹல்லாவின் ஆசிரியைகள் இருவர் இருப்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் நகலோடு கொண்டு வாருங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் குடும்ப அட்டையைக் கொண்டு வாருங்கள். பதிவுக் கட்டணம் செலுத்த இயலாதோர் அதைக் கூட்டத்தில் சொல்லத் தேவையில்லை. எம்மிடம் தனியாகச் சொன்னால் போதும்.